கணக்கு தவறாத குமரப்பா

மறுசந்திப்பு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, யாரை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தேனி மாவட்டத்துக்காரன், அதிலும் இன்ஜினியர். பென்னிகுவிக்கை விட்டால் வேறு யார்? 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைத் திறக்கச் செய்த அந்த மனிதரை இந்தப் பக்கம் பொங்கல் வைத்தே கும்பிடுகிறார்கள். அவரைப் பற்றி எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்பியது வேறொருவரைப் பற்றி. அவர் அணை கட்டவில்லை, பாலம் கட்டவில்லை. கணக்கு எழுதினார். அடுத்தவர் எழுதிய கணக்கைச் சரி பார்த்தார். வாழ்க்கை முழுக்க அவர் செய்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அவர் பெயர் ஜே.சி. குமரப்பா. காந்தியடிகளின் பொருளாதார அறிஞர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். அவருடைய கடைசிக் காலம் கழிந்த இடம் எங்கோ வடக்கே இல்லை. நம்ம போடியில் பஸ் ஏறி, தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, பேரையூர் என்று போனால் தே. கல்லுப்பட்டி வந்துவிடும். அங்கேதான்.

அவர் பிறந்தது 1892 ஜனவரி 4-ஆம் தேதி, தஞ்சாவூரில். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். அப்பா சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அதிகாரி. (ஆக, நம்ம ஆளுங்க வீட்டுப் பிள்ளைதான்!) அம்மா எஸ்தர் ராஜநாயகம். பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பம். சென்னையில் படிப்பு, பிறகு லண்டனுக்குப் போய் கணக்குத் தணிக்கை படித்து, இன்கார்ப்பரேட்டட் அக்கவுண்டண்ட் ஆனார். முதல் உலகப் போர் நடந்த காலம் முழுவதும் அங்கேயே வேலை. அம்மா வரச் சொல்லிக் கூப்பிட்டதால் 1919-ல் ஊர் திரும்பினார். பம்பாயில் முதலில் ஒரு வெள்ளைக்கார நிறுவனத்தில் இருந்தார்; அப்புறம் சொந்தமாக கார்னீலியஸ் அண்ட் தாவர் என்ற தணிக்கை நிறுவனம். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுச் சாப்பாடு. அரசியலில் அக்கறையே இல்லை. அப்போது அவரிடம் யாராவது போய், இன்னும் சில வருஷத்தில் நீங்கள் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

திருப்பம் அமெரிக்காவில் வந்தது. 1927-ல் அங்கே போனவர், சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து 1928-ல் பட்டம் வாங்கினார். பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், பாடம் பொது நிதி, பேராசிரியர் செலிக்மன். இடையில் ஒரு தேவாலயத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது தலைப்பு. பேச்சுதானே, பேசிவிட்டு வந்துவிட்டார். அது பத்திரிகையில் வந்தது. செலிக்மன் அதைப் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

நான் நினைக்கிறேன், அங்கேதான் அவருடைய நேர்மைக்கு முதல் பரீட்சை வந்தது. அரசாங்கத்தின் சொந்த வரவு செலவுக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, பம்பாயில் கம்பெனிப் பேரேட்டைப் புரட்டின மாதிரியே புரட்டினார். வரி யாரிடமிருந்து வருகிறது, அது யாருக்குப் போகிறது? ராணுவத்துக்கும் கடனுக்கும் நிர்வாகத்துக்கும் போனது போக, வரி கட்டிய விவசாயிக்குத் திரும்பி வந்தது சொற்பம். அதுவரை பிரிட்டிஷ் ஆட்சி நல்லது என்று நம்பியிருந்தவர் அவர். கணக்கு வேறு மாதிரி சொன்னது. கணக்கை மடக்கி வைத்துவிட்டுப் பழைய நம்பிக்கையோடே இருந்திருக்கலாம். எத்தனையோ படித்தவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். அவர் நம்பிக்கையை மாற்றிக்கொண்டார். 1929-ல் ஊர் திரும்பியதும் கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, குமரப்பா என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். பெயரைத்தான் மாற்றினார், மதத்தை மாற்றவில்லை. கடைசி வரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார்.

அந்த ஆராய்ச்சியை யாராவது அச்சிடுவார்களா என்று அலைந்தபோது, காந்தியைப் பாருங்கள் என்று சிலர் சொல்ல, 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டு சூட், கையில் பிரம்பு. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய இடத்தில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரம் மதியம் இரண்டரை. இன்னும் சில நிமிஷம் இருந்ததால் குமரப்பா பிரம்பை ஊன்றி நின்றபடி அந்தக் கிழவரை வேடிக்கை பார்த்தார். இரண்டரை ஆனதும் கிழவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டபோதுதான் இவருக்கு ஆள் யாரென்று புரிந்தது. உடனே பட்டு சூட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து நாற்காலி வந்தும் அதில் ஏறவில்லை. ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிடுவதாகச் சொன்ன காந்தி, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் மாதர் தாலுகா என்ற பகுதியின் கிராமங்களைச் சர்வே செய்ய வேண்டும்.

54 கிராமங்கள். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எத்தனை ஏர், எத்தனை மாடு, எவ்வளவு கடன், எத்தனை வேளைச் சாப்பாடு என்று கேட்டு எழுதினார்கள். ரெவின்யூ ஆபீஸில் உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். நம்மில் சைட்டுக்குப் போகாமலே லெவல் எடுத்தவர்கள் சிலர் உண்டு (பெயர் சொல்ல மாட்டேன், மேடையில் உட்கார்ந்திருக்கலாம்!). அவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது கல்கத்தாவின் ஆங்கிலிகன் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்ட மறுப்பு இயேசுவின் போதனைக்குப் பொருந்தாது என்ற கருத்தைச் சொன்னார். குமரப்பா அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இயேசுவின் பெயரைச் சொல்லும் திருச்சபை ஏழை பக்கம் நிற்காமல் அரசாங்கத்தின் பக்கம் நிற்பது எப்படிச் சரி என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். ஒரு கிறிஸ்தவர், அந்த நாளில், ஆளுகிற அரசாங்கத்தோடு நெருக்கமாக இருந்த தன் சபையின் பெரியவரோடு இப்படி வாதாடுவது சின்ன விஷயம் இல்லை. யங் இந்தியாவில் எழுதியதற்காகச் சிறைக்கும் போனார்.

1931-ல் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. இங்கிலாந்துக்கு இந்தியா கொடுக்க வேண்டியதாகச் சொல்லப்பட்ட கடனில், உண்மையில் இந்தியாவின் கடன் எவ்வளவு என்று பார்க்க. குமரப்பா அதில் அமைப்பாளர். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு, ஆப்கானிஸ்தானத்திலும் பர்மாவிலும் நடந்த சண்டைச் செலவு, கிழக்கிந்தியக் கம்பெனியைக் கைமாற்றிய செலவு என்று எல்லாம் இந்தியாவின் தலையில் எழுதப்பட்டிருந்தன. பயன் அடைந்தவன் எவனோ அவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்பது ஆடிட்டர் பாடத்தில் முதல் பக்கம். அதை ஒரு சாம்ராஜ்யத்தின் பேரேட்டுக்கே போட்டுப் பார்த்தார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயம். இனி சொல்லப் போவதுதான் எனக்குப் பிடித்தது. அது ரொம்பச் சின்ன விஷயம், பால், பழம் வாங்கின காசு.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பயங்கரமான பூகம்பம். பீகாரிலும் நேபாளத்திலுமாக ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப் போனார்கள். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடு முழுவதும் இருந்து பணம் வந்து குவிந்தது. ஏழைப் பெண்கள் கழற்றிக் கொடுத்த காசும் அதில் உண்டு, மில் முதலாளிகளின் செக்கும் உண்டு. இப்படி வருகிற பணம் எவ்வளவு சுலபமாகக் கரையும் என்று புயல், வெள்ளம் பார்த்த நமக்குத் தெரியும். யாரும் திருட வேண்டாம், நல்லவர்களே போதும். ஒருத்தர் கார் வைப்பார், ஒருத்தர் விருந்தாளிக்குச் சாப்பாடு போடுவார், எல்லாம் நிவாரணக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் குமரப்பாவைக் கூப்பிட்டார்கள்.

தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு இத்தனை அணா என்று அவர் ஒரு வரம்பு கட்டினார். சிறிய தொகைதான், ஆனால் எல்லாருக்கும் அதுவே. இந்த நேரத்தில் குழுவின் கூட்டத்துக்காகக் காந்தி தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். காந்தியின் சாப்பாடு பாலும் பழமும். அது தொண்டர் வரம்புக்குள் அடங்காது. கூட வந்தவர்கள் செலவு, பெட்ரோல் செலவு வேறு. காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா நேராகச் சொல்லிவிட்டார்: இந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நிதிக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி காந்தியின் முகத்துக்காகவும் ராஜேந்திர பிரசாத்தின் முகத்துக்காகவும் வந்தது. காந்தி வந்ததே நிவாரண வேலையாகத்தான். எந்த ஆடிட்டரும் இதை ஆட்சேபிக்க மாட்டார். ஆட்சேபித்தால் பைத்தியம் என்பார்கள். ஆனாலும் குமரப்பா சொன்ன நியாயம் எளிது. இந்தப் பணம் வீடு இடிந்தவனுக்கு என்று கொடுத்தது. கொடுத்தவன் சொன்ன காரியத்தைத் தவிர வேறெதற்கும், எவ்வளவு நல்ல மனிதருக்கானாலும், அதில் காலணா எடுக்க நமக்கு உரிமை இல்லை. விஷயம் காந்தியின் காதுக்குப் போனது. குமரப்பா விளக்கினார். காந்தி ஒத்துக்கொண்டார்.

அதே பாட்னாவில் இன்னொன்றும் நடந்ததாகச் சொல்வார்கள். குழுவுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காந்தி ஏதோ பேச வேண்டும் என்று குமரப்பாவிடம் வந்தார். முன்கூட்டி நேரம் கேட்கவில்லையே, இப்போது முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் மனிதர். சபர்மதியில் இரண்டரை மணி என்றால் இரண்டரைதான் என்று கடிகாரம் பார்த்தவருக்கு அது புரிந்திருக்கும்.

நம் தொழிலுக்கு வருகிறேன். நானும் சைட்டில் வேலை பார்க்கிறவன். அளவுப் புத்தகம், அதாவது எம்-புக், நம்மில் சிவில்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பூமிக்குள் போன காங்கிரீட்டை மூடின பிறகு யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. எம்-புக்கில் எழுதியதுதான் உண்மை. அந்த ஒரு வரி அளவுக்குக் கையெழுத்துப் போடுகிறவனை நம்பி பில் பாஸ் ஆகிறது. பெரிய ஊழல் செய்கிறவன் நம்மில் யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் போய்விட்டு டாக்ஸிக்கு வவுச்சர் போடுவது? ஆபீஸ் ஜீப்பில் மச்சினன் கல்யாணத்துக்குப் போவது? மழை பெய்த நாளில் வராத ஆளுக்கு மஸ்டர் ரோலில் ஆஜர் போடுவது? இதையெல்லாம் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. எல்லாரும் செய்வதுதானே என்பார்கள். குமரப்பா மறுத்தது இந்த வகைச் செலவைத்தான். திருடனைப் பிடிப்பதற்குப் போலீஸ் இருக்கிறது. யோக்கியமான ஆள் எழுதும் யோக்கியமான வவுச்சரில் இருக்கிற பொய்யைப் பிடிக்க அந்த ஆளின் மனசாட்சியைத் தவிர வேறு ஆடிட்டர் கிடையாது.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது? படிப்பிலிருந்து மட்டும் வந்திருந்தால் லண்டனில் படித்த அத்தனை பேரும் இப்படி இருந்திருக்க வேண்டும். 1942 இயக்கத்தையொட்டி மறுபடி சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய புத்தகங்களில் ஒன்று இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றியது. 1945-ல் வெளிவந்தது, காந்தி முன்னுரை எழுதினார். (காந்தி இவரைக் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று அன்போடு அழைத்ததும் உண்டு, கொலம்பியா கொடுத்ததைவிட அது பெரிய பட்டம்.) இயேசுவை நம்புவது என்றால் அவர் சொன்னபடி நடப்பது, அதுவும் சந்தையிலும் ஆபீஸிலும் அடுப்படியிலும் நடப்பது என்று அந்தப் புத்தகத்தில் வாதாடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் ஒன்று, திங்கட்கிழமைப் பேரேடு வேறொன்று என்று இரண்டு உலகம் அவருக்கு இல்லை. மலர் படிக்கிறவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறோம். யாருக்கும் பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. ஆனால் இந்த மனிதரைப் பற்றி எழுதும்போது அவருடைய விசுவாசத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதினால் அது பொய்க்கணக்கு ஆகிவிடும். பைபிளில் கள்ளத் தராசைக் கண்டிக்கிற பகுதிகள் உண்டு. பலரும் அதைப் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள்; இவர் அதைப் பொருளாதாரப் பாடமாகவே படித்தார்.

1934 கடைசியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு வார்தாவின் மகன்வாடியில் அவர்தான் செயலாளர். செக்கு எண்ணெய், கையால் செய்த காகிதம், தேனீ வளர்ப்பு என்று அங்கே நடந்த வேலைகள் ஒரு தனிக் கட்டுரைக்கு ஆகும். அந்தக் காலத்தில் அவர் சொன்ன ஒரு கருத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நேராக நம்ம ஊரில் வந்து நிற்கிறது. ஒரு டப்பா கோகோ வாங்குகிறவன், அந்தக் கோகோ ஆப்பிரிக்கத் தோட்டத்தில் எப்படி விளைந்தது, கட்டாய வேலையில் விளைந்ததா, அதற்குப் பின்னால் யாருடைய கண்ணீர் என்பதற்கும் பொறுப்பாளி என்று எழுதினார் குமரப்பா. திருட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்கினால் வாங்கினவனும் குற்றவாளி என்கிறோம். அப்படியானால் மலிவாகக் கிடைக்கிறதே என்று, எப்படி மலிவானது என்று கேட்காமல் வாங்குகிறவன்?

விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் ஏறி, இடுக்கி எஸ்டேட்டுகளுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நம் வகுப்பில் எத்தனையோ பேருடைய அம்மாக்கள் அப்படிப் போய்த்தான் செமஸ்டர் ஃபீஸ் கட்டினார்கள். எடுத்த பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து, சலித்து, ரகம் பிரிந்து, போடியில் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்கு வருகிறது. ஏலத்தில் வியாபாரி மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. சாம்பிளாக வைத்த கொஞ்சம் காயைப் பார்த்து, நிறம் பார்த்து, முகர்ந்து விலை சொல்கிறார். சாம்பிளும் மூட்டையும் ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை கோடி வியாபாரமும் ஓடுகிறது. ஆடிட்டும் அதுவேதான், ஒரு கைப்பிடி எடுத்துப் பார்ப்பது. குமரப்பா அந்த ஏல ஹாலுக்கு வந்திருந்தால் காயின் நிறத்தோடு, மேலே தோட்டத்துத் தராசு சரியாக நின்றதா, ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றினார்கள் என்றும் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுதந்திரம் வந்தது. கூட இருந்தவர்கள் மந்திரிகள் ஆனார்கள். நிலச் சீர்திருத்தத்துக்காகக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்கு இவர் தலைவரானார். 1949-ல் அறிக்கை வந்தது. உழுகிறவனுக்கும் நிலத்துக்கும் நடுவில் இடைத்தரகர் கூடாது என்று அது சொன்னது. அறிக்கை வந்த வேகத்தில் காரியம் நடக்கவில்லை. இவரும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்காரனைக் கேட்ட அதே கேள்விகளைச் சொந்த அரசாங்கத்தையும் கேட்டார். சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போய் வந்து, அங்கே கண்ட நல்லதைச் சொன்னதால் கம்யூனிஸ்ட் என்று பேசினவர்களும் உண்டு. சபைக்காரர்களுக்கு அவர் காங்கிரஸ்காரர், காங்கிரஸ்காரர்களுக்கு அவர் பிடிவாதக்காரர். யார் தப்புச் செய்தாலும் சிவப்பு மையில் குறிக்கிற ஆளுக்கு நண்பர் கூட்டம் குறைவாகத்தானே இருக்கும்? அவருடைய பேச்சும் கொஞ்சம் காரம்தான். எல்லாக் கணக்கரும் சாந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை; ரத்த அழுத்தம். 1950-களில் தே. கல்லுப்பட்டியில் வெங்கடாசலபதி 1940-ல் தொடங்கி நடத்திவந்த காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னக் குடிசை, சுற்றிலும் கரிசல் பூமி, பருத்தி. லண்டன், பம்பாய், நியூயார்க் எல்லாம் பார்த்தவர் அங்கே இருந்துகொண்டு கிராமத்துப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், எழுதினார்.

அந்தக் குடிசையில் ஒரு ஏழை விவசாயியின் படம் மாட்டியிருந்தது. வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்பார்கள். காந்தி என்னுடைய எஜமானர், இவர் அந்த எஜமானருக்கு எஜமானர் என்பதாக அவர் விளக்குவாராம். பாட்னாவில் பால், பழச் செலவை மறுத்தபோது அவர் யாருக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தி சுடப்பட்டு இறந்த அதே நாளில், சென்னை ஆஸ்பத்திரியில் குமரப்பா காலமானார். வயது 68. அவருடைய நினைவிடம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருக்கிறது. மறுசந்திப்பு முடிந்து மதுரைப் பக்கம் போகிறவர்கள் உசிலம்பட்டியில் இறங்கி பேரையூர் பஸ் பிடித்தால் போதும். மெயின் ரோட்டிலேயே வழி சொல்லுவார்கள்.